வாங்குகிற தட்டில் என் பிள்ளை

என் மகனுக்கு முதல் வயது நிறைந்த காலையில் என் கடைத் தராசு அவனை இருபது ராத்தல் என்று சொன்னது. அந்தத் தராசை ராயபுரத்தில் அதுவரை ஒருத்தனும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்கு நானும் பேசவில்லை. பேசாமல் நின்றதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் பேரனுக்குப் பிறந்தநாள் வைத்தார்கள். மண்டபம், பலூன், மூன்று அடுக்குக் கேக்கு. வந்த முந்நூறு பேரில் பாதிப்பேர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகச் சாப்பாட்டு வரிசைக்குப் போனார்கள், ஏப்பம் விட்டார்கள், ஒரு கவரைத் திணித்துவிட்டு வண்டியேறினார்கள். பிள்ளை ஒரு நாற்காலியில் தூங்கிப்போனான். நடுவில் என் மகன் தொண்ணூறு கிலோ உடம்போடு நின்று எல்லாரையும் பார்த்து இளித்துக்கொண்டிருந்தான். அவன்தான் அந்த இருபது ராத்தல் பிள்ளை. ராத்தல் என்றால் இப்போது யாருக்குத் தெரிகிறது? அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நானே சொல்லாவிட்டால் யார் சொல்லப் போகிறார்கள்? மூன்றாம் வகுப்போடு நின்றவன். பன்னிரண்டு வயதில் துறைமுகத்தில் கரிக்கூடை தூக்கினேன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது நான் ஓடவில்லை. படித்தவன், பட்டம் வாங்கினவன், கோட்டுப் போட்டவன் எல்லாம் பெண்டாட்டி சேலையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறினான். அவன் விட்டுப்போன இரும்புக் கேட்டு, பித்தளைக் குழாய், கட்டில் கால், எல்லாம் பாதி விலைக்கும் குறைவாக என் கைக்கு வந்தது. சண்டை முடிந்து ஊர் திரும்பினவர்கள் என்னிடமே வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். தண்டையார்பேட்டை ரோட்டோரம் நான் போட்ட காயலான் கடையில் துருப்பிடித்த ஆணி முதல் கப்பல் சங்கிலி வரை கிடைக்கும். பழைய இரும்பு வியாபாரம் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு ஜன்னல் கம்பி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வராது.

மகன் பிறப்பதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தான். பத்து மாதத்தில் போய்விட்டான். காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. இளைத்துக்கொண்டே போனான், அவ்வளவுதான். என் மனைவி தினமும் குளிப்பாட்டிவிட்டு அவன் இடுப்பு அரைஞாண் கயிற்றுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாள். முதலில் நுழையவில்லை. பிறகு சுண்டுவிரல் நுழைந்தது. அப்புறம் இரண்டு விரல். மூன்று விரல் நுழைந்த வாரத்தில் பிள்ளை இல்லை.

அதனால் அடுத்தவன் பிறந்ததும் திருவொற்றியூர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். ஒரு வயது முழுசாக நிறைந்தால் பிள்ளை எடைக்கு வெல்லம் தருவதாக வேண்டுதல். ஒரு வருஷம் அவள் தூங்கினாளா என்று எனக்குத் தெரியாது. பிள்ளை இருமினால் எழுந்து உட்காருவாள், இருமாவிட்டால் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பாள். கேழ்வரகுக் கூழை ஒரு கிண்ணம் ஊட்டிவிட்டு, அவன் துப்பியது போக உள்ளே போனது எவ்வளவு என்று தரையைப் பார்த்துக் கணக்குப் போடுவாள். பத்தாவது மாதத்தில் கார்ப்பரேஷன் நர்ஸம்மா பிள்ளையைக் கூடைத் தராசில் வைத்துப் பார்த்து இருபத்திரண்டு ராத்தல் என்றார். அன்று சாயங்காலம் என் மனைவி பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் பாடி நான் கேட்டது அன்றுதான்.

இப்போது பிறந்தநாள் வருகிறது. கோயிலிலேயே துலாபாரத் தராசு இருக்கிறது, அங்கேயே நிறுத்துவிடலாம் என்று அவள் சொன்னாள். மொட்டையும் காதுகுத்தும் அங்கேதான், தாய்மாமனும் நேரே அங்கேதான் வருகிறான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலில் வைத்து நிறுத்தால் யார் பார்ப்பார்கள்? பூசாரியும் பத்துப் பிச்சைக்காரர்களும் பார்ப்பார்கள். என் கடை வாசலில் நிறுத்தால் ரோடே பார்க்கும். என் தராசு, என் வெல்லம், என் பிள்ளை. முப்பது ராத்தல் அச்சு வெல்லம் வரவழைத்தேன், அச்சு ஒன்று சரியாக ஒரு ராத்தல். பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் செய்யச் சொன்னபோது ஆசாரி அளவு கேட்டான். “என் பிள்ளைக்கு அளவு எடுக்காதே, ரெண்டு கண்ணி கூட்டியே போடு, ரொப்பிக்குவான்” என்றேன். ஆசாரியும் சிரித்துக்கொண்டு அப்படியே போட்டான்.

அன்று வெள்ளிக்கிழமை. கடையில் எனக்கு இரும்பு போடுகிறவர்களை எல்லாம் சாப்பிட வரச் சொல்லியிருந்தேன். துறைமுகக் கூலிகள், வலைக்கு ஈயக்குண்டு கட்டுகிறவர்கள், கூட்ஸ் ஷெட் ஓரம் ஆணி பொறுக்குகிற காசிமேட்டுக் கிழவி, எல்லாரும் கூடிவிட்டார்கள். என் சகலையும் வந்திருந்தார். மனைவியின் அக்காள் புருஷன், துறைமுக ஆபீசில் குமாஸ்தா. சட்டைப் பையில் இரண்டு பென்சில் குத்திக்கொண்டு வருவார். ஒன்று எழுதுவதற்கு, இன்னொன்று தெரிவதற்கு. பழைய இரும்புக் குவியலுக்கு நடுவில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாணியை மிதித்துவிட்டவர் மாதிரி நின்றார்.

பிள்ளை நடக்கப் பழகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பட்டுச் சொக்காயைப் போட்டு இறக்கிவிட்டதும் நேராகத் துருக்குவியலுக்கு ஓடி, ஒரு போல்ட்டை எடுத்து வாயில் வைத்தான். பிடுங்கினால் அழுகை. பட்டுத் துணியில் பின்பக்கம் முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு. நான் அவனை அப்படியே தூக்கினேன், தட்டில் உட்கார வைத்தேன், சங்கிலியைக் கையில் கொடுத்தேன். சங்கிலி கிடைத்ததும் அழுகையை நிறுத்தி அதை ஆட்டினான்.

“போடுடா வெல்லத்தை” என்றேன். எதிர்த்தட்டில் கூலிகள் ஒவ்வொரு அச்சாக வைக்க, கூட்டம் எண்ணியது. பத்து, பதினொன்று. பிள்ளை எட்டி ஒரு அச்சைப் பிடிக்கப் பார்த்தான், எல்லாரும் சிரித்தார்கள். பதினெட்டு. என் மனைவியும் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் மனதில் இருபத்திரண்டு இருந்தது, அதற்குமேல் எவ்வளவு என்றுதான் காத்திருந்தாள். பத்தொன்பது. இருபது. பிள்ளையின் தட்டு தரையை விட்டு எழும்பி, முள் நேராக நின்றது.

கூட்டம் கைதட்டியது. அதற்கு என்ன தெரியும்? இருபது என்றாலும் தட்டும், பத்து என்றாலும் தட்டும். மனைவி மட்டும் தட்டின் பக்கம் வந்து, பிள்ளையின் சொக்காயைத் தூக்கி, வெள்ளி அரைஞாணுக்குள் விரலை விட்டாள். நான் கூட்டிச் செய்யச் சொன்ன அரைஞாண். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

“இன்னாங்க” என்றாள். “நர்ஸம்மா இருபத்திரெண்டுன்னாங்களே. ரெண்டு மாசத்துல இருபதா? மொதல்ல இருந்த புள்ளையும் இப்டித்தானே...”

சகலை தொண்டையைக் கனைத்தார். “சகலை, இதை லேசா விடக்கூடாது. சாப்பிடற பிள்ளைக்கு வெயிட்டு குறையுதுன்னா உள்ளுக்குள்ள ஏதோ அரிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பிள்ளைக்கு இப்படித்தான்...” ஆபீஸ்காரனுக்கு எல்லாவற்றுக்கும் ஆபீஸில் ஒரு உதாரணம் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.

என் தராசுத் தண்டில் முள் நடுவில் இல்லை, வலது பக்கமாக இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது. அது தெரியாதபடி தட்டுகளின் கனத்தைக் கூட்டிக் குறைத்து அடித்திருந்தேன். வெறும் தட்டாக இருந்தால் முள் நேராக நிற்கும். வலது தட்டு வாங்குகிற தட்டு, அதில் எட்டு ராத்தல் இரும்பை வைத்தால் ஏழு என்று சொல்லும். இடது தட்டு விற்கிற தட்டு, அதில் ஏழு ராத்தலை வைத்தால் எட்டு என்று சொல்லும். எட்டு வருஷமாக உள்ளே வருகிற சரக்கை வலது தட்டிலும் வெளியே போகிற சரக்கை இடது தட்டிலும் வைத்துப் பழகிய கை இது. பிள்ளையைத் தூக்கினதும் கை தன்னால் வலது பக்கம் போய்விட்டது. கையில் வந்த சரக்கு, வாங்குகிற தட்டில் வைத்துவிட்டேன்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். தராசு தப்பு, பிள்ளை சரி. அவள் எழுந்துவிடுவாள். ஆனால் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் அந்த வலது தட்டில் இரும்பு போட்டவர்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டு, “நாளைக்குப் பெரிய டாக்டரைப் பாத்துடுவோம்” என்றேன். கரிக்கூடை தூக்கிய முதுகு, பட்டணமே ஓடினபோது ஓடாத கால் என்று பீற்றிக்கொள்கிறேனே, அவ்வளவும் அந்த இடத்தில் கால் காசு பெறவில்லை.

அப்போது ஆணி பொறுக்குகிற கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் மனைவிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

“தாயி, இன்னாத்துக்கு அழுவுற? எட்டு வருசமா என் கூடை அந்தத் தட்டுலதான் ஏறுது. ஏறச்சொல்ல குண்டா ஏறும், எறங்கச்சொல்ல எளைச்சி எறங்கும். என் ஆணிக்கு இன்னா சீக்கா வந்துச்சு?”

எவனோ களுக்கென்று சிரித்தான். என் மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஏ கிழவி” என்றேன். “சோறு போடறேன்னு கூப்ட்டா வாய் நீளுதா?”

“துன்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன் நைனா. துன்னப்புறம் சொன்னா நன்றி கெட்டவளுன்னுவே.” பிறகு அவளிடம் திரும்பி, “புள்ளைய அந்தாண்ட தட்டுல குந்த வச்சிப் பாரு தாயி” என்றாள்.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. வெல்லத்தைத் தன் கையாலேயே வலது தட்டுக்கு மாற்றினாள், பிள்ளையை இடது தட்டில் வைத்தாள். பிள்ளைக்கு ஊஞ்சல் இன்னொரு முறை கிடைத்த சந்தோஷம். இருபது அச்சுக்கு அவன் தட்டு அசையவே இல்லை. கூட்டம் மறுபடியும் எண்ண ஆரம்பித்தது. இந்த முறை எண்ணிய விதம் வேறு. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று ஒவ்வொன்றையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். இருபத்தாறில் முள் நின்றது.

“மொதலாளி, அஞ்சு நிமிசத்துல ஆறு ராத்தல் ஏத்திட்டியே!” என்றான் ஒரு கூலி. “எங்க சோத்தையும் அந்தத் தட்டுல வச்சே போடு.”

ரோடே சிரித்தது. ரோடு பார்க்க வேண்டும் என்றுதானே நான் ஆசைப்பட்டேன்.

மனைவி சிரிக்கவில்லை. “இதுல எது என் புள்ள?” என்றாள். “இருபதா, இருபத்தாறா?”

சகலை பென்சிலை எடுத்துவிட்டார், ஒரு வெல்லக் காகிதத்தில் பெருக்கினார், வகுத்தார். “ரெண்டுக்கும் நடுவுல பாத்தா இருபத்து மூணு வரணும்மா” என்றார். கணக்கு சரிதான். ஆனால் அதே வாய்தானே கொஞ்சம் முன்னால் பிள்ளையின் உள்ளே அரிக்கிறது என்றது? “நீங்க கம்முனு இருங்க மாமா” என்றாள் அவள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்குத் தெரியுமா இது?”

“தெரியும்.”

“நான் கீழ குந்திகினு அழுவச்சொல்ல தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

கோயிலுக்குப் பேசியிருந்த ஜட்கா வண்டி வந்து நின்றது. நல்ல நேரம் போகிறது, கோயிலில் மைத்துனன் மடியை விரித்துக்கொண்டு காத்திருக்கிறான். ஏறி உட்கார்ந்தவள் வண்டிக்காரனிடம், “ரயிலு டேசனுக்கு வுடுப்பா” என்றாள். நேரம் ஆகிறது என்றார் சகலை. “அம்மனுக்குப் பொய் எடை குடுக்கவா?” என்றாள். ஆனால் அவளுடைய அவசரம் அம்மனுக்காக இல்லை. வழியெல்லாம் அந்த இரண்டு விரலை அரைஞாணுக்குள்ளிருந்து அவள் எடுக்கவே இல்லை.

ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் தரையோடு தரையாக ஒரு பலகைத் தராசு, கம்பியில் குண்டை நகர்த்திப் படிக்கிறது. அதில் வாங்குகிற பக்கமும் கிடையாது, விற்கிற பக்கமும் கிடையாது. பார்சல் குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். பட்டுக் கட்டிய கூட்டம், பின்னால் ஒரு மூட்டை வெல்லம்.

“இதுதான் பார்சலா? எந்த ஊருக்கும்மா புக் பண்ணணும்?”

“எந்த ஊருக்கும் வாணாங்க. எங்க வூட்டுக்குத்தான்.”

பிள்ளை பலகையில் நிற்க மாட்டேன் என்றான். உட்கார வைத்தால் எழுந்தான், எழுப்பினால் குண்டைப் பிடிக்க ஓடினான். கடைசியில் ஒரு அச்சு வெல்லத்தைக் காட்டியபிறகுதான் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். குமாஸ்தா குண்டை நகர்த்தினார், பின்னுக்குத் தள்ளினார், மறுபடி நகர்த்தினார்.

“இருபத்து மூணு ராத்தல்.”

“இன்னொருவாட்டி பாருங்க சாமி.”

“இருபத்து மூணும்மா. பத்து தரம் பாத்தாலும் இருபத்து மூணுதான்.”

அவள் பிள்ளையைத் தூக்கினாள். அரைஞாணை இழுத்துப் பார்த்தாள், அப்படியும் இப்படியும் திருப்பினாள். “புள்ள சின்னது இல்ல” என்றாள். “இதுதான் பெருசு.” தன் கழுத்து மஞ்சள் கயிற்றின் முனையில் தொங்கிய நூலைப் பிய்த்து, அரைஞாணின் இரண்டு கண்ணியைச் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். விரலை விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. அப்போதுதான் அழுதாள், பார்சல் குமாஸ்தாவுக்கு முன்னால், கூடைக்கோழிகளுக்கும் கருவாட்டு மூட்டைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு. அவர் பாவம், எடை தப்பாகிவிட்டதோ என்று மறுபடியும் குண்டைப் பார்த்தார்.

அம்மனுக்கு இருபத்து மூன்று அச்சு கொடுத்தோம். மொட்டையும் காதுகுத்தும் நல்ல நேரம் தாண்டித்தான் நடந்தது, மைத்துனன் ஒரு மணி நேரம் முணுமுணுத்தான். திரும்பி வந்து பந்தி போட்டபோது மீதி ஏழு அச்சையும் என் மனைவி முந்தானையில் கட்டி எடுத்துப்போய்க் கிழவியிடம் கொடுத்தாள். “நிறுக்கலை. கையால எண்ணித்தான் குடுக்கறேன்” என்றாள். கிழவி ஒரு அச்சை நக்கிப் பார்த்துவிட்டு, “நல்ல சரக்குதான்” என்று கூடைக்குள் ஆணிகளுக்கு மேலே வைத்தாள். கூலிகளும் இலை போட்டு உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கித் தின்றார்கள். கொஞ்சம் முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள். மானம் உள்ளவனாக இருந்தால் எழுந்து போயிருக்க வேண்டாமா என்று நினைத்தேன். அப்புறம், மானத்தைப் பற்றி நான் யோசிப்பதே அன்று அதிகப்படி என்றும் நினைத்தேன்.

மறுநாள் காலை கடை திறந்தேன். முதலில் வந்தவள் கிழவிதான். கூடையை இடது தட்டில் கவிழ்த்தாள். விற்கிற தட்டில். ஏழு ராத்தல் ஆணி எட்டு என்று நின்றது. அவளுக்குப் பின்னால் வந்தவனும் இடது தட்டுக்கே போனான். அன்று முழுக்க ஒருத்தனும் வலது பக்கம் வரவில்லை. இரும்பு வாங்க வந்தவர்களோ, எங்கே கேள்விப்பட்டார்களோ, எடுத்த சரக்கை எல்லாம் வலது தட்டில்தான் வைத்தார்கள். வாங்கினாலும் எனக்கு நஷ்டம், விற்றாலும் நஷ்டம். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். பிறகு கொல்லனிடம் சொல்லிப் புதுத் தண்டு போட்டு, தட்டுகளையும் சமமாக்கினேன். காயலான் கடைக்காரன் திருந்திவிட்டான் என்று ரோட்டில் பேசிக்கொண்டார்கள். என்ன திருத்தம்? கட்டுப்படியாகவில்லை, மாற்றினேன். இன்று வரை அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன்.

வீட்டில்தான் வேறு மாதிரி. அந்த ஒரு மாதமும் அவள் எனக்குச் சமைத்தாள், துணி துவைத்தாள், தட்டை வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சாப்பிட வாருங்கள் என்று ஒருநாளும் கூப்பிடவில்லை. பிள்ளைதான் தத்தித் தத்தி வந்து என் தட்டில் கை வைப்பான்.

புதுத் தண்டு மாட்டின அன்று மத்தியானம் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். வலது தட்டில் அவனை உட்கார வைத்து, எடைக்கல்லைத் தானே எடுத்து இடது தட்டில் அடுக்கினாள். இருபத்து நாலு. அவனைத் தூக்கி இடது தட்டில் வைத்தாள், கல்லை வலதுக்கு மாற்றினாள். இருபத்து நாலு. பிள்ளை சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தான். அவள் அவனைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“சோறு ஆறுது” என்றாள். “துன்ன வாங்க.”